மாலத்தீவு போகிறீர்களா? எல்லோரும் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

மாலத்தீவு என்றதும் தண்ணீர் மேல் கால் ஊன்றி நிற்கிற மரக் குடில், புதுமணத் தம்பதி, விலையைக் கேட்டால் வருகிற தலைசுற்றல், இவைதான் பலருக்கும் ஞாபகம் வரும். அது ரிசார்ட்டுகளின் மாலத்தீவு. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு கட்டி, மீன் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கிற மாலத்தீவு அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் சட்டம் வேறு, விலை வேறு, சாப்பாடு வேறு. இதைப் புரிந்துகொண்டு திட்டம் போட்டால் செலவும் குழப்பமும் பாதி குறையும். அதனால் இரண்டையும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

மொத்தம் எத்தனை தீவுகள்?

ஏறக்குறைய 1,190. அலை கொண்டுவந்து சேர்க்கிற மணல்திட்டு எதையெல்லாம் தீவு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் கூடும், குறையும். மக்கள் குடியிருக்கிற தீவுகள் 190-க்குள்தான். 170-க்கு மேற்பட்டவை ரிசார்ட்டுகள். மற்றதெல்லாம் தென்னையும் தாழையும் மண்டிக் கிடக்கிற ஆளில்லாத் தீவுகள்.

எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தாலும் நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டரைத் தொடாது. சென்னை மாநகராட்சியே இதைவிடப் பெரியது. ஆனால் அந்தத் துண்டு துக்காணி நிலம் வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோமீட்டருக்கும் மேல் சிதறிக் கிடக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே போக்குவரத்துச் செலவு பற்றிப் பேசும்போது இதுதான் வந்து நிற்கும்.

இவ்வளவு குட்டித் தீவுகள் நடுக்கடலில் எப்படி வந்தன?

எரிமலைகளால். கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளின் விளிம்பைச் சுற்றிப் பவளம் வளர்ந்தது. எரிமலை மெல்ல மெல்ல அமிழ, பவளம் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் எரிமலை காணாமல் போய், பவள வளையம் மட்டும் மிஞ்சியது. சார்லஸ் டார்வின் 1842-ல் வெளியிட்ட விளக்கம் இது. அந்த வளையத்துக்குத்தான் அட்டோல் என்று பெயர். மாலத்தீவில் இயற்கையான அட்டோல்கள் 26. விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், வளையத்துக்குள் இன்னொரு குட்டி வளையம், அதற்குள் பச்சைத் தண்ணீர் என்று கடைசி இருபது நிமிடம் கண்ணை எடுக்க முடியாது.

மணல் ஏன் அவ்வளவு வெள்ளை?

அதில் பெரும்பகுதி கிளிமீனின் கழிவு. சிரிக்காதீர்கள், உண்மைதான். கிளிமீன் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும்போது பவளத்தையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. சுண்ணாம்புப் பகுதி செரிக்காமல் பொடியாக வெளியே வருகிறது. முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை வைத்தாலே அது கடிக்கிற நறநற சத்தம் கேட்கும். மலையும் ஆறும் இல்லாத நாடு, ஆற்று மணலுக்கு வழியே கிடையாது. எல்லாம் பவளமும் சிப்பியும் பொடிந்து வந்தவை. வெயிலில் நம்மூர்க் கடற்கரை மணல் அளவுக்குக் காலைச் சுடாததற்கும் அந்த வெள்ளை நிறம்தான் காரணம்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வாடைக்காற்றுக் காலம். வானம் தெளிவாக இருக்கும், கடல் அடங்கியிருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும், அதிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் சொல்லவே வேண்டாம். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று. மழை உண்டு, ஆனால் நாள் முழுக்க அடைத்துக்கொண்டு பெய்வது குறைவு. ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும். அறை வாடகை கணிசமாக இறங்குவது இந்த மாதங்களில்தான். ஆனைத்திருக்கைகளை (மாண்டா ரே) பெருங்கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றாலும் இந்த மாதங்கள்தான் நல்லது. படகுப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஜூன், ஜூலையைத் தவிர்த்துவிடுங்கள்.

விசா வேண்டுமா?

இஸ்ரேல் பாஸ்போர்ட்டுக்கு 2025 ஏப்ரலில் தடை போட்டுவிட்டார்கள், மற்றபடி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இறங்கியதும் 30 நாள் சுற்றுலா அனுமதி இலவசம். பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, கையில் செலவுக்குப் பணம், இவ்வளவு போதும். அப்புறம் ‘இமுகா’ என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். வரும்போது ஒன்று, கிளம்பும்போது ஒன்று. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கிற தளம் எதையாவது பார்த்தால் அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

உண்மையில் எவ்வளவு செலவாகும்?

இதற்கு ஒரே பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஓர் இரவுக்கு நாற்பது, ஐம்பது டாலர் கேட்கிற விருந்தினர் இல்லமும் உண்டு, பல ஆயிரம் டாலர் கேட்கிற குடிலும் உண்டு. எதில் தங்கினாலும் விளம்பரத்தில் போட்ட விலை உங்கள் கையைவிட்டுப் போகிற தொகை இல்லை என்பது மட்டும் பொது.

சுற்றுலா விற்பனை வரி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். அந்த வரியைப் போடுவதற்கு முன்பே விலையோடு 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும். விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், இவை இனிமேல்தான் சேரும் என்று அர்த்தம். 100 டாலர் என்று பார்த்த சாப்பாடு பில்லில் 128 டாலர் 70 சென்ட் ஆகியிருக்கும். இதுபோக ‘பசுமை வரி’ என்று ஒன்று, ஆளுக்கு, இரவுக்கு. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் 12 டாலர், 50 அறைக்கு மேற்படாத விருந்தினர் இல்லத்தில் 6 டாலர். நான்கு பேர் குடும்பம் சின்ன இல்லத்தில் ஐந்து இரவு தங்கினால் இது மட்டுமே 120 டாலர். திரும்பும்போது சாதா வகுப்புக்குப் புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர், இரண்டும் டிக்கெட் விலையிலேயே அடங்கிவிடும்.

உள்ளூர்ப் பணம் ரூஃபியா, டாலருக்கு 15.42 என்பது அரசு விகிதம். சுற்றுலா சம்பந்தப்பட்ட எதற்கும் டாலர் செல்லும். ஆனால் தீவின் பெட்டிக்கடையிலும் டீக்கடையிலும் ரூஃபியா கொடுத்தால்தான் சரியான விலை.

விமான நிலையத்திலிருந்து தீவுக்கு எப்படிப் போவது?

திட்டம் சொதப்புகிற இடம் பெரும்பாலும் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சர்வதேச விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அதற்கும் தலைநகர் மாலேவுக்கும் நடுவே 2018-ல் பாலம் வந்துவிட்டதால் இப்போது டாக்ஸியிலோ பஸ்ஸிலோ போய்விடலாம். பக்கத்திலேயே இருக்கிற ஹுல்ஹுமாலே நகரத்துக்கும் சாலை உண்டு. இவற்றைத் தாண்டி எங்கே போனாலும் தண்ணீர் வழி அல்லது வான் வழி.

அரசு ஃபெர்ரி மிக மலிவு, மிக மெதுவு. பெரும்பாலான தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடாது. 2022-லிருந்து ஆர்.டி.எல். என்ற வேகப் படகுச் சேவை பல அட்டோல்களை இணைக்கிறது, கையைக் கடிக்காத விலை. தனியார் ஸ்பீட்போட் மாஃபூஷி போன்ற பக்கத்துத் தீவுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். தூரத்து அட்டோல் என்றால் உள்நாட்டு விமானம்.

ரிசார்ட்டுகளுக்குக் கடல் விமானம். தண்ணீரில் இறங்குகிற அந்தக் குட்டி விமானங்களை வைத்து இயங்கும் நிறுவனங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. விமானிகள் பலர் வெறுங்காலோடு ஓட்டுவார்கள். எல்லாம் அழகுதான், ஆனால் அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் பிற்பகல் மூன்றரைக்கு மேல் இறங்கினால் அன்றைக்குக் கடல் விமானம் கிடைக்காமல் போகலாம், அப்போது மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவுக்குத் தனியாகப் பணம் கட்டித் தங்க வேண்டியதுதான். போக வர ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகிறது, பெட்டி எடையிலும் கெடுபிடி. பல பேர் அறை வாடகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து ‘மலிவாகக் கிடைத்தது’ என்று பதிவு செய்துவிடுகிறார்கள். முதலில் போக்குவரத்துச் செலவைக் கேளுங்கள், அப்புறம் அறையைப் பாருங்கள்.

ரிசார்ட்டா, ஊர்த்தீவா?

கொஞ்சம் பின்கதை. 1960-களில் வந்து பார்த்த ஐ.நா. நிபுணர்கள் இந்த நாட்டுக்குச் சுற்றுலா சரிப்படாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். வங்கி இல்லை, சரியான விமான நிலையம் இல்லை. அதையும் மீறி 1972-ல் முதல் ரிசார்ட் திறந்தது, இன்றைய குரும்பா. அதிலிருந்து பல பத்தாண்டுகள் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் ஏற்பாடு. வெளிநாட்டவர் அங்கே, ஊர் மக்கள் இங்கே. 2009-க்குப் பிறகுதான் மக்கள் குடியிருக்கிற தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்த வழி பிறந்தது. நடுத்தரக் குடும்பம் மாலத்தீவு போக முடிகிறதென்றால் அந்த மாற்றம்தான் காரணம்.

மாஃபூஷியில் வசதி அதிகம், கூட்டமும் அதிகம். துலுஸ்தூ அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். கடல்நீரைச் சுத்திகரித்துக் கோக்க கோலா தயாரிக்கிற ஆலை அங்கே இருக்கிறது. தொட்டூவில் தர்பூசணியும் பப்பாளியும் விளைகிற தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் சுற்றலாம். நீளமான கடற்கரைக்கு திகுரா. என் யோசனை: நான்கு இரவு ஊர்த்தீவில் தங்குங்கள், ஒரே ஒரு நாள் பகல் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்கு ‘டே பாஸ்’ வாங்கிப் போய்வாருங்கள். படத்துக்குப் படமும் ஆச்சு, பணமும் மிச்சம்.

ஊர்த்தீவில் கரையோரம் ‘ஜோலி’ என்று ஒன்று தொங்கும், கவனியுங்கள். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்றுவலை பின்னிய இருக்கை, வரிசையாக நாலைந்து. சாயங்காலம் பெரியவர்கள் அதில் சாய்ந்துகொண்டு, வெற்றிலை பாக்கு மென்றபடி படகு வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலியாக இருந்தால் நீங்களும் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மது கிடைக்குமா? உடை விஷயத்தில் கட்டுப்பாடு உண்டா?

ரிசார்ட்டில் கிடைக்கும். ஊர்த்தீவில் சட்டப்படி தடை, மாலேயிலும்தான். சில தீவுகளில் சற்றுத் தள்ளிப் படகை நிறுத்தி அதில் பார் நடத்துகிறார்கள். பெட்டியில் பாட்டில் வைத்துக்கொண்டு போனால் ஸ்கேனரில் மாட்டும். வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்துத் திரும்பும்போது தருவார்கள். பன்றி இறைச்சிக்கும் தடை. வழிபாட்டுக்கான சிலைகளையும் கொண்டுபோகக் கூடாது, நம்மவர்கள் பெட்டி அடுக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

வேப் எனப்படும் மின்சிகரெட்டை 2024 இறுதியிலிருந்து முழுக்கத் தடை செய்துவிட்டார்கள், சுற்றுலாப் பயணிக்கும் விலக்கு இல்லை. 2007 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் புகையிலையே தொடக் கூடாது என்ற சட்டமும் 2025 நவம்பரில் வந்துவிட்டது, இதுவும் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நீச்சல் உடையை ‘பிகினி பீச்’ என்று பலகை வைத்த இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் தோளும் தொடையும் மறைந்திருந்தால் போதும். வெள்ளி, சனி வார விடுமுறை. வெள்ளி நண்பகல் கடைகள் மூடியிருக்கும். ரமலான் மாதத்தில் ஊர்த்தீவில் பகலில் உணவகம் திறப்பது அபூர்வம், தங்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சாப்பாடு எப்படி?

சூரை மீன், தேங்காய், மாவு. மூன்றையும் வைத்து எத்தனை விதம் முடியுமோ அத்தனை விதம். காலைச் சாப்பாடு ‘மஸ் ஹுனி’: வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டுக் கையாலேயே நன்றாகக் கசக்குவார்கள், மிளகாயின் காரம் சாறில் இறங்கிய பிறகுதான் உதிர்த்த சூரையும் துருவிய தேங்காயும் சேரும். அதை ‘ரோஷி’ என்ற மெல்லிய சப்பாத்தியோடு, ஒரு கிளாஸ் தேநீரோடு சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. மதியம் ‘கருதியா’ என்ற தெளிவான மீன் ரசம், சோறு, எலுமிச்சை. சாயங்காலம் டீக்கடையில் ‘ஹெதிகா’, அதாவது எண்ணெயில் பொரித்த பலகாரத் தட்டு. மேசையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், எடுத்ததற்கு மட்டும் காசு.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பூசணிக்காய்க் கூட்டு என்று பார்த்தால் அதிலும் மாசி போட்டிருப்பார்கள். ‘மீன் வேண்டாம்’ என்பதோடு ‘மாசியும் வேண்டாம்’ என்று தனியாகச் சொல்லுங்கள். பருப்பும் சோறும் கேட்டால் எங்கேயும் செய்து தருவார்கள். காய்கறி, அரிசி, முட்டை எல்லாமே கப்பலில் வருவதுதான், விலையைப் பார்த்து அதிர வேண்டாம்.

மாசியா? நம் மாசிக் கருவாடா?

அதேதான். சூரையை வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் கட்டைபோலக் காயவைக்கிற அந்த மாசியின் தாய்வீடு இது. இலங்கைச் சம்பலுக்கு ருசி கொடுப்பதும் இதுதான். இன்றைக்கும் அங்கே சூரையைத் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கிறார்கள், வலை போட அனுமதி இல்லை.

தமிழ்நாட்டோடு பழைய தொடர்புகள் இன்னும் உண்டு. முதலாம் ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வருகிற ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ இந்தத் தீவுகளையே குறிக்கிறது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் போய்க்கொண்டிருந்த கடல் வழி இது. கசப்பான தொடர்பும் ஒன்று இருக்கிறது: 1988 நவம்பர் 3 அன்று இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட்டைச் சேர்ந்தவர்களைக் கூலிக்கு வைத்து மாலத்தீவுக்காரர் சிலர் மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள். அன்றிரவே இந்திய வீரர்கள் வந்து இறங்கினார்கள். இறங்கிய இடம், இப்போது நீங்கள் இறங்குகிற அதே ஹுல்ஹுலே.

என்ன மொழி பேசுகிறார்கள்?

திவேஹி. சிங்களத்துக்கு நெருங்கிய உறவு. நம் லட்சத்தீவின் மினிக்காய் மக்கள் பேசுவதும் இதுதான். எழுத்து ‘தானா’, வலமிருந்து இடமாக எழுதுவது. இதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரையிலிருந்தும், அடுத்த ஒன்பது பழைய உள்ளூர் எண்களிலிருந்தும் வந்தவை. எண்களையே எழுத்தாக்கிக்கொண்ட ஊர். ஆங்கிலம் எங்கும் செல்லும். சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வந்துபோனவர்கள் நிறைய இருப்பதால் இந்தியா பற்றிப் பேச்சுக்கொடுத்தால் நன்றாகவே பேசுவார்கள்.

மாலே நகரத்தில் பார்க்க ஏதாவது உண்டா?

அரை நாள் போதும். 1658-ல் கட்டிய ஹுகுரு மிஸ்கி பள்ளிவாசல் பவளக் கல்லால் ஆனது. கல்லை மரம்போல இழைத்துப் பூவேலை செய்திருக்கிறார்கள். 1153-ல் இஸ்லாத்துக்கு மாறும் முன் பௌத்த நாடாக இருந்ததற்கான சிற்பங்கள் அருங்காட்சியகத்தில் கொஞ்சம் இருக்கின்றன. 1340-களில் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இங்கே காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக இருந்தார், பெண்களை மேலாடை அணியச் சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை என்று அவரே புலம்பி எழுதியிருக்கிறார். சோழி என்கிற காசுச் சிப்பி இங்கிருந்துதான் வங்காளத்துக்கும் மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் பணமாகப் போனது.

மீன் சந்தைக்கு மாலை நேரம் போங்கள். படகு வந்ததும் தரை முழுக்கச் சூரை பரப்புவார்கள். வெட்டுகிறவர் கை வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். செருப்பு வழுக்கும், ஜாக்கிரதை.

சுறா, ஆனைத்திருக்கை எல்லாம் எங்கே பார்க்கலாம்?

2010-லிருந்து சுறா பிடிப்பது நாடு முழுவதும் தடை. அதனால் கணுக்கால் ஆழத் தண்ணீரிலேயே குட்டிச் சுறாக்கள் சுற்றும், ஒன்றும் செய்யாது. பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஏறக்குறைய ஜூன் முதல் நவம்பர் வரை நுண்ணுயிர்கள் குவியும்போது ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வரும். 2011-லிருந்து அந்த அட்டோல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். அங்கே ஸ்கூபா கிடையாது, மேலே மிதந்தபடி பார்க்கலாம், அதுவும் நேரக் கணக்கு உண்டு. திமிங்கலச் சுறா வேண்டுமா, தெற்கு அரி அட்டோல், ஆண்டு முழுக்க வாய்ப்பு உண்டு. திகுராவில் தங்கினால் வசதி. நாட்டின் தெற்குக் கோடிக்கு அருகே, நிலநடுக்கோட்டையும் தாண்டி இருக்கிற ஃபுவாமுலாவில் புலிச்சுறா.

இரவில் நீலமாக ஒளிர்கிற கடற்கரை பற்றியும் கேட்பீர்கள். அது அலையில் அசைகிற நுண்ணுயிர் வெளிச்சம். எந்தத் தீவிலும் வரலாம், எங்கேயும் உறுதியில்லை. அதற்காகவே பணம் கட்டி ஒரு தீவுக்குப் போகாதீர்கள்.

நீச்சல் தெரியாது, போகலாமா?

தாராளமாக. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். உயிர்க்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பவளப்பாறையின் விளிம்பைத் தாண்டினால் சட்டென்று ஆழம், தீவுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்களில் இழுப்பு பயங்கரம். ஊர்க்காரர் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் வாதம் பண்ணாதீர்கள்.

நாடே மூழ்கப்போகிறதாமே?

தரையின் சராசரி உயரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். 2009-ல் அதிபர் முகமது நஷீத் தன் அமைச்சரவையைக் கடலுக்கு அடியில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்தினாரே, அது உலகத்தின் கவனத்தை இழுக்கத்தான். 2004 சுனாமியில் கந்தொல்ஹுதூ என்ற தீவு குடியிருக்க லாயக்கில்லாமல் போய், ஊரையே துவாஃபாரு என்ற வேறு தீவுக்கு மாற்றினார்கள். மாலே ஓரளவு தப்பியது ஜப்பான் உதவியில் கட்டிய அலைத்தடுப்புச் சுவரால். இப்போதைக்கு அவர்களின் பதில் கடலை மேடாக்குவது: 1997-ல் வேலை தொடங்கிய ஹுல்ஹுமாலே கடலிலிருந்து மணலை அள்ளிக் கொட்டிக் கட்டிய நகரம். அப்படி மணல் அள்ளுவதால் பவளம் சாகிறதே என்ற எதிர்ப்பும் உள்ளூரிலேயே இருக்கிறது. 1998, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் பெருமளவு வெளுத்தது. சில இடங்களில் பழைய நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பவளத்தின் மேல் மட்டும் நிற்காதீர்கள், அது கல் இல்லை, உயிர்.

என்ன வாங்கி வரலாம்?

மாசி, கோரைப்புல் பாய், அரக்குப் பூசிய மரப்பெட்டி. பாயும் அரக்கு வேலையும் உள்ளூர்க் கைத்தொழில். மற்ற ‘மாலத்தீவு நினைவுப் பொருள்’ பெரும்பாலும் வேறெங்கோ செய்து வந்தவை. பவளத் துண்டு, ஆமை ஓடு, சீசாவில் மணல், இவற்றை எடுக்காதீர்கள். விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. போகும்போது மூன்று செவ்வக முள் உள்ள அடாப்டர் ஒன்று எடுத்துப் போங்கள், நம் பிளக் அங்கே பல இடங்களில் பொருந்தாது.